நன்றாகப் படிக்கிற பெண் ஏன் விடைத்தாளைக் காட்டினாள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் மகள் வகுப்பில் முதல் சில இடங்களுக்குள் வருபவள். கணக்குத் தேர்வில் பின்னால் இருந்த தோழிக்குத் தன் விடைத்தாளைச் சாய்த்துக் காட்டியபோது பிடிபட்டாள். இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். "அந்தப் பெண்ணுக்காவது மார்க் கிடைத்திருக்கும், என் மகளுக்கு இதில் என்ன லாபம்? இப்படி ஏமாற்றுகிற புத்தி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. லாபமே இல்லாத தவறை ஒருத்தி ஏன் செய்கிறாள் என்பது ஒன்று. என் பெண்ணின் குணமே கெட்டுவிட்டதா என்பது இன்னொன்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து, அப்புறம் மாணவர் ஆலோசனைக்கென்று பயிற்சி பெற்று அந்த வேலைக்கு மாறியவன் நான். அந்த இரண்டு இடங்களில் இருந்தும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

குணம் பற்றி இந்தத் துறையின் மிகப் பழைய ஆய்வுகளில் ஒன்றே நமக்கு உதவுகிறது. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்புள்ள பலவிதச் சோதனைகளை வைத்து, 1928இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணக்கில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. வீட்டுப்பாடத்தில் ஏமாற்றியது காசு விஷயத்தில் கை வைக்கவில்லை. ஒரு சூழலில் நடந்துகொண்டதை வைத்து இன்னொரு சூழலில் எப்படி நடக்கும் என்று கணிப்பது மிகவும் கடினமாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு நேர்மை என்ற குணமே கிடையாது என்று சிலர் சொல்லப் போனார்கள், அது மிகை. பிற்பாடு அதே தரவுகளைத் திரும்ப ஆராய்ந்தவர்கள், பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் மெல்லிய இழை ஒன்று ஓடுகிறது என்று காட்டினார்கள். ஆனாலும் ஒரே ஒரு சம்பவத்தை வைத்து ஒரு பெண்ணின் குணத்தை எடைபோட முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிலும் உங்கள் மகள் செய்தது தனக்காக இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெரியவர்கள் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறோம். பார்த்து எழுதுவது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியம். வாங்குபவருக்கு ஒரு காரணம், கொடுப்பவருக்கு வேறொரு காரணம். வாங்குபவர் ஏன் வாங்குகிறார் என்பதில் பெரிய புதிர் ஒன்றும் இல்லை: படிக்கவில்லை, பயம், வீட்டில் நெருக்கடி, அல்லது சும்மா ஒரு சோம்பல். கொடுப்பவரைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிப்பதில்லை. பள்ளிகளும் இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்தி, ஒரே தண்டனை கொடுத்து, கோப்பை மூடிவிடுகின்றன.

நான் பேசிப் பார்த்த பிள்ளைகளில், கொடுத்தவர்கள் பெரும்பாலும் மார்க்கைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். நட்பைப் பற்றித்தான் பேசுவார்கள். "அவ கேட்டா, எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்ற ஒரு வாக்கியம் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். இதை நாம் சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். என் அனுபவத்தில், அது பெரும்பாலும் நடந்ததை நடந்தபடியே சொல்வதுதான்.

எப்படி என்று விளக்குகிறேன். ஆல்வின் கோல்ட்னர் என்ற சமூகவியலாளர் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்றில், உனக்கு உதவியவருக்கு நீ உதவ வேண்டும், அவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற நெறி ஏறக்குறைய எல்லாச் சமூகங்களிலும் இருப்பதாக வாதிட்டார். வகுப்பறை அப்படிப்பட்ட ஒரு சின்னச் சமூகம்தான். அங்கே நாள் முழுக்கக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. உடம்பு சரியில்லாமல் வராத நாளின் பாடக் குறிப்பு, பேருந்தில் பிடித்து வைத்த இடம், மதியம் தனியாக உட்கார வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வது, யாராவது கேலி செய்யும்போது நமக்காக ஒரு வார்த்தை, வீட்டுக்குத் தெரியக் கூடாத ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது என்று எத்தனையோ. இந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம். நன்றாகப் படிக்கிற, கொஞ்சம் ஒதுங்கிய சுபாவமுள்ள பெண் இதில் அநேகமாக வாங்குகிற பக்கத்தில்தான் இருப்பாள். பேச்சுத்துணை, பாதுகாப்பு, கூட்டத்தில் ஓர் இடம் எல்லாம் தோழிகளிடமிருந்து வருகின்றன. திருப்பிக் கொடுக்க அவளிடம் இருப்பது விடை மட்டுமே. "என் மகளுக்கு என்ன லாபம்" என்று நீங்கள் தேடுவது மார்க் பட்டியலில். அவள் கடனை அடைத்தது வேறொரு பேரேட்டில்.

கடன் மட்டும் இல்லை, மறுப்பதற்கும் விலை உண்டு. முதல் மார்க் வாங்குபவரைச் சக மாணவர்கள் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்: இவள் நம்மில் ஒருத்தியா, அல்லது ஆசிரியர்களின் ஆளா? அந்தச் சந்தேகம் தீர்கிற இடம் தேர்வறை. பின்னாலிருந்து பேனாவால் ஒரு குத்து, கிசுகிசுப்பாக ஒரு கேள்வி எண். யோசிக்க அரை நிமிடம்கூடக் கிடையாது, பேசவும் முடியாது. பேசாமல் இருப்பதே அங்கே ஒரு பதில், அந்தப் பதிலுக்கு "நீ எனக்கு முக்கியமில்லை" என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் சாப்பிட உட்காரும்போது அதன் விளைவு தெரியும். இன்னொரு பக்கம், மாட்டிக்கொள்வது என்பது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். மறுத்தால் வருகிற விலகல் நிச்சயம். பதினாறு வயதில் இந்த இரண்டில் எது பெரிதாகத் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு இரக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அவள் இந்த முறையும் தோற்றால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்பது போன்ற கதைகள் பிள்ளைகளுக்குள் சுற்றும். சில உண்மை, சில ஜோடனை. கேட்பவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கனக்கும். அப்புறம் யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு காரணமும் இருக்கிறது: தேவைப்படுகிறோம் என்ற சுகம். தான் எழுதியதை நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதில் ஒரு குட்டி அதிகாரம் உண்டு. அமைதியான பிள்ளைகளுக்கு அது அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

செய்த பிறகு மனசாட்சியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கும் ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. சைக்ஸ், மாட்ஸா என்ற இருவர் 1957இல், சட்டத்தை மீறுகிற இளைஞர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஐந்து சமாதானங்களைத் தொகுத்தார்கள். என் பொறுப்பில்லை, யாருக்கும் நஷ்டமில்லை, பாதிக்கப்பட்டவனுக்கு அது வேண்டியதுதான், குறை சொல்பவர்கள் மட்டும் யோக்கியமா என்பவை நான்கு. சட்டத்தைவிடப் பெரிய விசுவாசம் ஒன்றுக்காகச் செய்தேன் என்பது ஐந்தாவது. 1986இல் வேறு ஆய்வாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களின் காப்பியடிப்புக்குப் பொருத்திப் பார்த்தார்கள். வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் சமாதானத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், கொடுப்பவர்கள் இரண்டாவதையும் ஐந்தாவதையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது நான் பார்த்தது. ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "யாருக்கும் நஷ்டமில்லை" என்பது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். குறிப்பிட்ட மார்க் எடுத்தால் தேர்ச்சி என்கிற தேர்வில், தோழிக்குக் காட்டினால் உங்கள் மகளின் மார்க்கில் ஒன்றும் குறையாது. இடங்கள் குறைவாக இருந்து தரவரிசைப்படி ஆள் எடுக்கும் தேர்வு என்றால் ஒவ்வொரு உதவியும் நம் கழுத்துக்கே கத்தி. அப்படிப்பட்ட தேர்வுகளில் நட்புக்காகக் காட்டுவது குறைந்துவிடும், மிஞ்சியிருக்கும் ஏமாற்று பணம் கொடுத்து ஏற்பாடு செய்கிற வகையாக இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் வீட்டில் நடந்தது முதல் வகை.

சேர்ந்து செய்யும்போது தயக்கம் குறைகிறது என்பதற்குப் பரிசோதனைச் சான்று இருக்கிறது. வைசல், ஷால்வி என்பவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் பகடை உருட்டி விழுந்த எண்ணைச் சொல்ல, அதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றவர் தன் பகடையை உருட்டி எண்ணைச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே எண்ணைச் சொன்னால் இருவருக்கும் பணம். பகடையை வேறு யாரும் பார்ப்பதில்லை. நேர்மையாகச் சொன்னால் ஆறில் ஒரு தடவைதான் எண்கள் பொருந்த வேண்டும். ஐந்தில் நான்கு தடவை பொருந்தியதாகச் சொன்னார்கள். தனியாக, தனக்கு மட்டும் லாபம் வருகிற மாதிரி அமைத்தபோது பொய் குறைந்தது. இதைப் போன்ற பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021இல் வந்த தொகுப்பாய்வும், கூட்டாளி இருக்கும்போது பொய் பெருகுகிறது என்ற பக்கமே சாய்கிறது. ஆனால் பகடைக்கும் தேர்வறைக்கும் தூரம் அதிகம். ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர், சில்லறைக் காசு, மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. பள்ளியில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே கூட்டு என்பது கூச்சத்தைக் குறைக்கிறது என்கிற அளவோடு அதிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது.

கல்லூரிகளில் நேரடியாகக் கேட்டு எடுத்த கணக்கெடுப்புகள் இதைவிட நமக்கு நெருக்கமானவை. 1964இல் பவர்ஸ் என்பவர் அமெரிக்காவில் 99 கல்லூரிகளில் 5,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டார். 1990களில் மெக்கேப், ட்ரெவினோ இருவரும் அதே தடத்தில் போனார்கள். தண்டனை எவ்வளவு கடுமை என்பதைக் காட்டிலும், கூடப் படிக்கிறவர்கள் செய்கிறார்களா, அதை ஏற்றுக்கொள்கிறார்களா என்பதோடுதான் ஏமாற்று வலுவாக ஒட்டியிருந்தது. இதில் ஒரு ஓட்டை உண்டு. ஏமாற்றுகிறவன் "எல்லாரும் செய்கிறார்கள்" என்று நினைக்கவே விரும்புவான். ஆக, கூட்டம் அவனைக் கெடுத்ததா, அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கூட்டத்தைச் சொல்கிறானா என்று இத்தகைய கணக்கெடுப்பிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். 2008இல் மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்க ராணுவக் கல்விக்கூடங்களின் பல பத்தாண்டுத் தரவுகளை எடுத்து இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். ஒருவர் புதிதாக ஏமாற்ற ஆரம்பித்தால் அது மற்றவர்களையும் இழுக்கிறது என்பதே அவர்கள் கண்டது. கூட்டத்தின் தாக்கம் உண்மை என்று நானும் நம்புகிறேன். அதன் அளவு பற்றி யாராவது துல்லியமாகப் பேசினால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

அடுத்து, இந்த வாரம் நீங்கள் செய்துவிடக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். "இன்னும் யார் யார் பார்த்து எழுதினார்கள், சொல்லு" என்று அவளைக் குடையாதீர்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் சிறுவர்களிடம் ஒரு கதை சொல்லிக் கேட்டார். ஒரு அப்பா வெளியூர் போகும்போது ஒரு மகனிடம், தம்பி என்ன சேட்டை செய்கிறான் என்று கவனித்து என்னிடம் சொல் என்கிறார். சொல்ல வேண்டுமா? மிகச் சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சொல்ல வேண்டும் என்றார்கள். கொஞ்சம் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் கூடாது என்றார்கள், சிலர் பொய்கூடச் சொல்லலாம் என்றார்கள். தன் வயதுக்காரர்களிடம் கடமை உண்டு என்ற உணர்வு வளர்வதன் அடையாளம் அது. பெரியவர்களானாலும் அது போவதில்லை. 2002இல் ரஷ்யா, நெதர்லாந்து, இஸ்ரேல், அமெரிக்கா நான்கிலும் மாணவர்களிடம் ஒரு நிலைமையைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்ட ஆய்வு வந்தது. ஒருவன் இன்னொருவனின் சம்மதத்தோடு பார்த்து எழுதுகிறான், மூன்றாமவன் அதை நிர்வாகத்திடம் சொல்கிறான். மூவரைப் பற்றியும் என்ன நினைக்கிறாய்? பதில்கள் நாட்டுக்கு நாடு மிகவும் மாறின. ரஷ்ய மாணவர்களுக்குப் பார்த்து எழுதியவன் மேல் அவ்வளவு கோபம் இல்லை, சொன்னவன் மேல்தான் கடும் வெறுப்பு. அமெரிக்காவில் ஏமாற்றுக்குப் பொறுமை குறைவாக இருந்தது.

அந்த அமெரிக்காவிலேயே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கூடத்தின் நெறிமுறை, பொய், ஏமாற்று, திருட்டு ஆகியவற்றோடு அவற்றைச் செய்பவர்களைச் சகித்துக்கொள்வதையும் குற்றமாக வைத்திருக்கிறது. அப்படி இருந்தும் 1976இல் அறைக்கு எடுத்துப்போய்த் தனியாகச் செய்ய வேண்டிய மின்பொறியியல் பயிற்சி ஒன்றைச் சேர்ந்து செய்ததற்காக 150க்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. பலர் பின்னர் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சகித்துக்கொள்ளாதே என்று எழுதி வைத்த இடத்திலேயே இந்த நிலை. உங்கள் மகளை நாலு பேர் பெயரைச் சொல்ல வைத்தால், கூட்டத்தில் அவளுடைய இடம் போய்விடும். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவள் விடைத்தாளையே சாய்த்தாள்.

எல்லா உதவியும் நட்பில் பிறந்தது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மிரட்டி வாங்குவது நடக்கிறது. காதல் பேரைச் சொல்லி வாங்குவது நடக்கிறது. கூட்டத்தில் வைத்திருப்பதற்கு வாடகை மாதிரி மாதாமாதம் விடை கறக்கிறவர்களும் உண்டு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் ஓடுகிறதா? தோழி இவளுக்கு என்னவெல்லாம் செய்திருக்கிறாள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். கண் மலர்ந்து வரிசையாகச் சொன்னால் அது நட்பு. பேச்சு தடைப்பட்டால், அல்லது "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று எழுந்து போனால், அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தேர்வறைக்கு வெளியே விஷயம் இன்னும் குழம்பிக் கிடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்துப் போடுவது உதவியா ஏமாற்றா என்று கேட்டால், ஆசிரியர்களே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஹார்வர்டில் 2012இல், புத்தகம், குறிப்பு, இணையம் எல்லாம் பார்க்கலாம், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று வீட்டுக்குக் கொடுத்த தேர்வில் சுமார் 125 பேர் விசாரணைக்கு ஆளானார்கள். பாதிக்கும் மேற்பட்டோரைக் கொஞ்ச காலம் வெளியேறச் சொன்னார்கள். வகுப்பு நடந்த நாளெல்லாம் குறிப்புகளைப் பகிர்ந்தோமே என்று அவர்களில் சிலர் வாதாடினார்கள். எனக்கு அவர்கள் மேல் முழு இரக்கம் இல்லை, விதி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பருவம் முழுக்கச் சேர்ந்து படி என்று சொல்லிவிட்டு, கடைசி வாரம் மட்டும் தனியாக இரு என்றால் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்பதும் நிஜம்.

பள்ளியோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு விஷயம் சொல்லிப் பாருங்கள். அடுத்தடுத்து உட்காருபவர்களுக்கு வேறு வேறு கேள்வித்தாள் கொடுக்கச் சொல்லுங்கள். இதைக் கண்காணிப்பு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, மறுக்க முடியாத பிள்ளைக்கு இது ஒரு கௌரவமான சாக்கைக் கொடுக்கிறது என்பதுதான். "உன் கேள்வித்தாள் வேற" என்றால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இரண்டாவது, உதவிக்கு முறையான ஓர் இடம். முதலில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே கேள்விகளை நாலு பேராகப் பேசி மறுபடி எழுதுகிற இரண்டு கட்டத் தேர்வுகள் சில கல்லூரிகளில் நடக்கின்றன. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971இல் டெக்ஸாஸில் ஆரம்பித்த முறையில், பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால்தான் முழுப் பாடமும் கிடைக்கும்படி செய்தார். இன ரீதியாகப் பிளவுபட்ட வகுப்பறைகளில் பகையைக் குறைக்கத்தான் அதைக் கொண்டுவந்தார். காப்பியை ஒழிக்கும் மருந்தென்று நான் விற்க மாட்டேன். ஆனாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு விடைத்தாளைத் தவிர வேறு ஏதோ ஒன்றைக் கொடுக்க முடிகிறது அல்லவா?

தண்டனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூஜ்யம் நியாயம்தான், அதை எதிர்த்துப் போராட வேண்டாம். அதற்கு மேல் ஏதாவது பேச்சு வந்தால், உதாரணமாகப் பள்ளியை விட்டு அனுப்புவது, அப்போது எதிர்க்கலாம். கடுமை கூடினால் கட்டுப்பாடு கூடும் என்பது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நெறிமுறை மீறலுக்கு நிரந்தர வெளியேற்றம் ஒன்றுதான் தண்டனை என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய தண்டனை என்பதாலேயே சக மாணவர்கள் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்ற வாதம் பல வருடம் ஓடி, 2022இல் மாணவர்களே வாக்களித்து அதை இரண்டு பருவ விடுப்பாகக் குறைத்தார்கள்.

வீட்டில் என்ன பேசுவது? "ஏன் காட்டினாய்" என்று கேட்டால் "தெரியல" என்றுதான் வரும். "மாட்டேன்னு சொல்லியிருந்தா அவ என்ன செய்திருப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் பயந்தது என்னவென்று அதில் வெளியே வரும். அந்தப் பயத்தைச் சின்னதாக்கிப் பேசாதீர்கள், அவளுக்கு அது சின்னது இல்லை. அப்புறம் அடுத்த தேர்வுக்கு முன்பே, தேர்வறைக்கு வெளியே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும்: "உள்ளே என்னால முடியாது, ஒரு தடவை மாட்டிட்டேன். முந்தின நாள் சாயங்காலம் வா, சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்." பிடிபட்டது இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குச் சாதகம், அடுத்த சில மாதங்களுக்கு யாரும் அவளைக் கோழை என்று சொல்ல முடியாது. அந்தத் தோழியோடு பேசவே கூடாது என்று மட்டும் தடை போடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற வரைக்கும் உங்களுக்குத் தெரியும்படி நடக்கும். தோழி மிரட்டித்தான் வாங்கினாள் என்று தெரியவந்தால் இந்தப் பத்தி முழுவதையும் தள்ளி வைத்துவிட்டு, நேராக வகுப்பாசிரியரைப் பாருங்கள். முதலில் மகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.